நிகர எடை

டிசம்பர் தண்ணீர் வடிந்த மறுவாரம்
ஆண்டார்குப்பம் கூட்டுரோட்டில்
எடைமேடைக் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.
மதர்போர்டில் சேறு, ஒரு நத்தை.
பிழைத்திருந்தது ஹார்டு டிஸ்க் மட்டும்.
அதில் ஒரே ஒரு புரோகிராம்,
தொண்ணூற்றொன்பதில் யாரோ எழுதியது.

"அது ஓடினாப் போதும்" என்றார் ஓனர் போனில்.
"புதுசு வாங்கிடலாமே சார்?"
"புதுசு லைசென்ஸ் கேக்கும், வருஷா வருஷம் பணம் கேக்கும்.
இது எதுவும் கேக்காது."

கேட்டது.
நான் கொண்டுபோன லினக்ஸ் பெட்டியில்
முதல் கிளிக்கிலேயே கேட்டது:
சி டிரைவ் எங்கே?
ஒரு ஃபோல்டருக்கு அந்தப் பெயர் வைத்தேன்.
நீ விண்டோஸ்தானே?
ஆமாம், தொண்ணூற்றெட்டு என்றேன்.
காம் ஒன்?
யு.எஸ்.பி. வயரின் நுனியைப் பிடித்து
இதோ என்றேன்.
பெண் பார்க்க வருகிறார்களென்று
இரவல் சோபா, இரவல் ஃபேன்,
பக்கத்து வீட்டுக்காரரே தாய்மாமன்;
அப்படி ஒரு வீட்டை
அதற்காக ஜோடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே பதினோரு டிரெய்லர்கள் வரிசையில்.
மணலிக் காற்றில் கந்தக வாடை.
மறுபடி ஓனர், எந்த மட்டில் இருக்கிறது என்று.
"ஒயின் ஏத்திட்டேன் சார், இனிமே நல்லா ஓடும்."
ஜன்னலோரம் நின்ற டிரைவர்
என்னை மரியாதையோடு பார்த்தார்.
"நமக்கு ஒரு கட்டிங் தேறுமா தம்பி?"

கறுப்புத் திரையில் வரிவரியாக
ஃபிக்ஸ்மீ, ஃபிக்ஸ்மீ, ஃபிக்ஸ்மீ.
என்னைச் சரிசெய் என்று
எந்த ஊரிலோ இருப்பவர்
தனக்கே எழுதிவைத்த சீட்டுகள்.
சரிசெய்யாமலே மேலே நகர்ந்துபோயின.
நானும் பார்த்தேன், விட்டுவிட்டேன்.
சாம்பல் நிற ஜன்னல் ஒன்று திறந்தது. தலைப்பில்

mk;kd; vil Nkil

"இது என்ன பாஷை?"
எஸ்தர் கேட்டாள். இரவு ஷிப்ட் அவளுடையது.
தமிழ்தான் என்றேன். அவள் நம்பவில்லை.
சேற்று டிஸ்க்கில் துழாவி
அந்தப் பழைய ஃபாண்டை எடுத்துப் போட்டேன்.
எம் என்பது அ ஆனது,
கே என்பது ம ஆனது,
அரைப்புள்ளி முழுப்புள்ளியாகி
ம-வின் தலையில் ஏறி உட்கார்ந்தது.
அம்மன் எடை மேடை.

லாரியை ஏற்றுமுன் சோதிக்க வேண்டும்.
நானே போய் நின்றேன்,
அறுபது டன் தாங்கும் இரும்பின் நடுவில்
செருப்போடு, கையில் ஸ்குரூடிரைவரோடு.
கம்பத்தில் சிவப்பு எண் துடித்து நின்றது: 70.
உள்ளே பிரிண்டர் கிறீச்சிட்டது.
எஸ்தர் சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்டினாள்.

மொத்தம் 70. ஆள் கழிவு 70.
நிகர எடை 0.

தப்பு செய்துவிட்டேனோ என்று
வயரை, வேகத்தை, எல்லாவற்றையும் பார்த்தேன்.
"அது அப்பலேர்ந்தே அப்படித்தாண்ணே.
டிரைவரைச் சரக்குல சேக்காது."
எவ்வளவு குண்டாக இருந்தாலும்?
"எழுபதுதான்."
கிளீனர்?
"கிளீனருக்குக் கணக்கு இல்ல."

எழுதியவர் பெயர் இருக்குமா என்று
உதவிப் பட்டியலில் போய்ப் பார்த்தேன்.
நாலு வெற்றுக் கட்டங்கள்.
அந்தப் பெயருக்கு வேறு ஃபாண்ட் போலிருக்கிறது,
அது தண்ணீரோடு போய்விட்டது.

ஹாரன் பொறுக்க முடியவில்லை, வரச்சொன்னோம்.
முதலில் ஏறியது கட்டிங் கேட்டவரின் வண்டி.
மேடை ஒருமுறை முனகிற்று.
இறங்கி வந்து சீட்டை வாங்கி
விளக்கடியில் பிடித்துப் படித்தார்,
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
சட்டைக்குள் ஆளே இல்லை,
நனைத்து எடைபோட்டாலும் ஐம்பது தேறமாட்டார்.

மீதி இருபது கிலோ சரக்கு
அவருடைய உடம்பாகக்
காட்டுப்பள்ளிக்குப் போயிற்று.