ஈக்களுக்கு உலை வைக்கிறவள்

மக்டபூர்க். எல்பே ஆற்றிலிருந்து இரண்டு டிராம் நிறுத்தம்.
ஆய்வுக்கூடத்தின் நிலவறையில் என் அடுப்பு.
சோளமாவு, சர்க்கரைக் கிழங்குப் பாகு, ஈஸ்ட், கடற்பாசித் தூள்.
செவ்வாயும் வெள்ளியும் நாற்பது லிட்டர் கிண்டி,
குப்பிகளில் விரற்கடை அளவு ஊற்றி,
பஞ்சடைத்து மேலே அனுப்புவேன்.
சாப்பிடுகிறவை எள்ளளவு.
இதுவரை உப்பில்லை புளிப்பில்லை என்று புகார் வந்ததில்லை.

மூன்றாம் மாடியில் ஸ்ரிங்கா அவற்றுக்குப் பாடம் நடத்துகிறாள்.
சிவப்பு விளக்கில். சிவப்பு அவற்றுக்கு இருட்டு.
ஒரு குழாயில் நூறு ஈ.
முதலில் ஒரு வாசனை, என் மூக்குக்கு அதிமதுரம் போல.
ஒரு நிமிடம். கூடவே செப்புக் கம்பியில்
பன்னிரண்டு சுரீர்.
பிறகு வெறுங்காற்று.
பிறகு இன்னொரு வாசனை, புதுச் செருப்பின் அடிபோல.
அதற்கு அடி கிடையாது.
கடைசியில் இருவழி திறந்துவிடுவாள்:
இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது.
இரண்டு நிமிடம். கதவு. எண்ணிக்கை.

எங்கே தங்குகிறது அது, என்று கேட்டேன்,
லிஃப்ட் பழுதாகித் தட்டை நானே தூக்கிப்போன மாலையில்.
காகிதக் கோப்பையில் வரைந்து காட்டினாள்:
இரண்டு காளான்கள், தண்டு வளைந்து.
ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் நரம்பணு;
ஒரு வாசனைக்கு நூறு பேர்தான் விழிப்பார்கள்.
மற்றவர்களை அதட்டித் தூங்கவைக்க
ஒரே ஒரு பெரிய அணு.
விழித்தவர்களின் பேச்சைக் கேட்க
‘கிட்டே போ’ என்று ஒரு வாய், ‘விலகு’ என்று ஒரு வாய்.
வலிக்கும்போது டோபமைன் சொட்டுகிறது.
சொட்டிய இடத்தில் ‘கிட்டே போ’ குரல் தாழ்ந்துவிடுகிறது.

அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.

நான் நினைத்திருந்தது
கல்லறைக் கல்லில் உளி விழுவதைப் போல ஏதோ.
இது எழுத்தில்லை.
ஒரு வாய் மூடிக்கொள்வது.

என் இடது கையில் மூன்று விரல்.
ரொட்டி ஆலை, மாவு பிசையும் இயந்திரம்,
தொண்ணூற்று நான்கு பிப்ரவரி.
அப்போது காற்றில் ஈஸ்ட் இருந்தது.
ஈஸ்ட் ஒன்றும் செய்யவில்லை, பக்கத்தில் நின்றது.
பதினோரு வருடம் பேக்கரி உள்ள தெருவில் நான் நுழைந்ததில்லை.
யோசித்து எடுத்த முடிவல்ல,
கால் எடுத்த முடிவு.

பிறகு கிடைத்த வேலை இது, போயும் போயும்.
முதல் மூன்று வாரம்
ஜனவரிக் குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்து
முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்டினேன்.
கொதித்தது. ஒன்றும் கடிக்கவில்லை.
மறுபடி கொதித்தது. ஒன்றும் கடிக்கவில்லை.

இப்போது மறந்துபோச்சு, என்றேன் ஸ்ரிங்காவிடம்.
அவள் தலையாட்டவில்லை.
வாசனை மட்டும் வந்து வலி வராமலே போனால்
பழையது அழியாதாம்;
எதிரே புதிதாக ஒன்று வந்து உட்காருமாம்.
இரண்டும் ஒரே நாற்காலிக்குத் தோள் இடித்தபடி.
ஈயில் பார்த்திருக்கிறார்கள்.
என்னில் யாரும் பார்க்கவில்லை. வேண்டாம்.

நூற்றில் எட்டோ ஒன்பதோ
அடி வாங்கிய வாசனைக்கே நடந்து போகின்றன.
அட்டவணையில் அவை கழிக்க வேண்டிய எண்.
கவனிக்காதவையா, மறந்தவையா,
நன்றாக நினைவிருந்தும்
இன்னொருமுறை பார்த்துவிடலாம் என்று போனவையா?
‘ஹைட்ருன், மணி பத்தாகிறது’ என்றாள்.
எண்ணி முடித்ததும்
இரு தரப்பும் ஒரே சாராயக் கிண்ணத்துக்குள்.

செப்டம்பர். என் வீட்டு மேசையில் பிளம் பழங்கள்.
ஒன்றின் வெடிப்பில் ஈ இறங்குகிறது,
பாடம் படிக்காத ஈ.
ஓங்கினேன், மூன்று விரலை.
அடி தவறினால்
இந்தப் புளித்த இனிப்பும் என் கையும்
அதற்குள் ஒன்றாகிவிடும்.

அதற்கு இன்னும் யாரும் எதுவும் செய்ததில்லை.

பக்கத்தில் கேக்குக்கு மாவு உப்பிக்கொண்டிருந்தது.
கிண்ணத்தைத் துணியால் மூடினேன்.
அந்த ஒரு பழத்தை விட்டுவிட்டு
மற்றதை நறுக்கத் தொடங்கினேன்.