மூன்றாம் பக்கம்

இரவு ஏழு மணி.
ஏரியிலிருந்து கிளம்பிய பனி
பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
மாவட்டச் சுகாதார வாரியம்:
ஐந்து பேர், ஒரு காபிக் குடுவை,
மேசை ஓரத்தில் நான், குறிப்பெழுத.

முதல் பக்கம் வழுக்கிக்கொண்டு போயிற்று.
உணவகச் சோதனை, கழிவுத்தொட்டி அனுமதி,
பச்சை குத்தும் கடைக்கு உரிமம்.
யாரும் வாய் திறக்கவில்லை.
இரண்டாம் பக்கத்தில்
கிணற்று நீர்ச் சோதனை நாலு டாலர் ஏறியது.
"என் கிணற்றுக்குமா?" என்றார் டுவேன் ட்ராம்பிளி.
சிரித்தார்கள். சிரிப்பை நான் எழுதவில்லை.

மூன்றாம் பக்கம், தடுப்புச் சேவைகள்.
ஃப்ளூ ஊசி, காசநோய்த் தோல் சோதனை,
குனிய முடியாதவர்களுக்கு நகம் வெட்டும் முகாம்.
பிறகு
குழந்தையின் விரல் நுனியில் ஒரு துளி எடுத்து
ரத்தத்தில் ஈயம் பார்ப்பது.
இதுவரை இலவசம். இனி பதினெட்டு டாலர்.

ட்ராம்பிளி தாளைத் தட்டினார்.
"போன வருஷம் இருநூற்று ஆறு பிள்ளைகள்.
நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ள
மூவாயிரத்து எழுநூறு டாலர்."

மாட்டு வைத்தியர் லோர்னா பெல்க்கி
பேனாவால் காதோரம் சொறிந்தாள்.
"கன்றுக்கு ஊசி போட்டால் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன்.
நோய்தான் வரவில்லையே, காசு எதற்கு என்று
எந்தப் பண்ணைக்காரனும் கேட்டதில்லை.
கன்றை அவன் விற்கலாம். அதனால்."

ரேடியேட்டர் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

"இயலாதவர்கள் படிவம் நிரப்பட்டும்"
என்றார் தலைவர் ஆர்விட் கெஸ்டிலா.
"படிவம் நாலு பக்கம், ஆர்விட்."
"இரண்டாக்குவோம்."
அதற்கு ஒரு முன்மொழிவு, ஒரு வழிமொழிவு.

சுரங்கக் கம்பெனி கட்டிவிட்டுப் போன வரிசை வீடுகள்
மலைச்சரிவில் இன்னும் நிற்கின்றன.
ஏழு வண்ணம் ஏறிய ஜன்னல் கட்டை.
அடி வண்ணம் உரிந்தால் இனிக்குமாம்.
பல் முளைக்கிற பிள்ளைக்கு
எட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறது அது.

வந்தவர்களை எண்ணக் கட்டம் உண்டு என்னிடம்.
வாசல்வரை வந்து,
கண்ணாடியில் ஒட்டிய விலையைப் படித்து,
கழற்றிய கையுறையை மகனுக்குத் திரும்ப மாட்டி
இறங்கிப் போகிறவளை
எந்தக் கட்டத்தில் எழுத?

ஆதரவு மூன்று. எதிர்ப்பு இரண்டு.

நர்ஸ் பெர்னடீன் ரவுட்டியோ
அன்று மாலை முழுக்கச் சுவரோரம் இருந்தாள்,
பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்ட.
கேட்டது ஒரே கேள்வி.
"எந்தத் தேதியிலிருந்து?"
"மார்ச் ஒன்று."
பையிலிருந்து நாட்காட்டியை எடுத்து
விரலால் எண்ணினாள்.
பதினொரு நாள்.

சனிக்கிழமை, கிளினிக் மூடியிருக்க வேண்டிய நேரம்.
ரொட்டி வாங்கப் போன நான்
விளக்கைப் பார்த்து வண்டியை மெதுவாக்கினேன்.
பள்ளிப் பேருந்து ஒன்று குறுக்கே நின்றது.
தரையெங்கும் பிள்ளைகள்,
ஆளுக்கொரு விரலைத் தூக்கிப் பிடித்து
பிளாஸ்திரியின் நிறத்துக்குச் சண்டை.
ஒருத்தி அழுதாள்,
குத்தியதற்கல்ல, பச்சை தீர்ந்துபோனதற்கு.

வெளியே படிக்கட்டில்
ஒருவர் பனியை வாரிக்கொண்டிருந்தார்.
தொப்பியைத் தூக்கியபோதுதான் தெரிந்தது, ட்ராம்பிளி.
ஆதரவு மூன்றில் ஒருவர்.
என்னைப் பார்த்ததும் மண்வாரியை ஊன்றி நின்றார்.
"பதினெட்டு சரியான விலைதான்" என்றார்.
"சரி" என்றேன்.
"யாராவது வழுக்கி விழுந்தால்
அதற்கும் நாம்தான் கொடுக்க வேண்டும்"
என்று திரும்பவும் குனிந்தார்.
அவர் லாரியின் முன் இருக்கையில்
ஒரு சின்ன பூட்ஸ், ஒற்றையாக.

திங்கட்கிழமை குறிப்பைத் தட்டச்சு செய்தேன்.
கூட்டம் இரவு 8.52க்கு முடிந்தது
என்றே அதில் இருக்கிறது.