மூன்றாம் நாற்காலி

திருப்பூர் உள்ளரங்கம். நாலு பக்கமும்
பனியன் கம்பெனி விளம்பரத் துணி.
நைரோபியிலிருந்து வந்த ஒடியாம்போவின் பேரை
ஒலிபெருக்கி மூன்று விதமாய்க் கடித்துத் துப்பியது.

அவன் இடக்கை லோகித்தின் நெற்றியில்
இறங்கியபோதெல்லாம் ஒரு விசில் இல்லை.
லோகித்தின் குத்து
அவன் கையுறையில் பட்டதற்கே
கூரைத் தகரம் அதிர்ந்தது.

கடைசிச் சுற்றுக்கு
நான் காதால் மார்க் போட்டேன்.
யாரும் சொல்லவில்லை, யாரும் எதுவும் தரவில்லை.
பத்து, ஒன்பது. நம்ம பையனுக்கு.
மூன்று நடுவரில் இரண்டு பேர் அப்படி.
இரண்டாவது ஆள் நான்.
பேனா என்ன லேசாக ஓடியது!

ராத்திரி, அவிநாசி ரோட்டுப் பேக்கரியில்
வீங்கிய விரல்களால்
தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.
என்னை அடையாளம் தெரியவில்லை.
ஐம்பது ரூபாயை வைத்துவிட்டு
மீதி வேண்டாமெனக் கை அசைத்து நடந்தான்.

"அதெப்படிங்க? நில்லுங்க, பாக்கி இருக்குதுங்க."
கல்லாவை விட்டு இறங்கி ஓடி
அவன் உள்ளங்கையை விரித்து
ஏழு ரூபாயை எண்ணி வைத்தார் கடைக்காரர்.

என் டீக்குச் சில்லறை தேடினேன்,
ரொம்ப நேரம்.