பழுது

சத்துவாச்சாரியில் காலை பத்துக்கே தார் இளகுகிறது.
ஆவண அறையில் மின்விசிறி போடக் கூடாது,
தாள் பொடிந்து பறக்கும்.
நாளைக்கு நானூறு பக்கம்,
பக்கத்துக்கு ஒரு ரூபாய் முப்பது காசு.
படிப்பதற்கென்று தனியாக எதுவும் தருவதில்லை.

இருந்தும் நூற்றிப் பதினாலாம் கட்டில் கை நின்றது.

பிரமாதி வருஷம் மாசி மாதம்
பொன்னையாற்றங்கரையில் எழுதிய கிரய ஓலையின் நகல்:
நஞ்சை இரண்டு காணி, அதில் நின்ற புளி ஒன்று,
ஏற்றச் சால் இரண்டு, உழவு மாடு நாலு,
இவற்றோடு
தொப்பளான், அவன் தம்பி மண்ணாங்கட்டி,
தொப்பளான் பெண்சாதி சடைச்சி,
அவள் வயிற்றிலுள்ளது உட்பட,
கல்லும் காவேரியும் புல்லும் பூமியும் உள்ளவரை
ஆண்டு அனுபவித்துக்கொள்ளக் கடவீராகவும்.

காவேரி எங்கே, பொன்னை எங்கே.

மாட்டுக்கு நிறம் போட்டிருக்கிறான்:
மயிலை, செவலை, காரி, மறுபடி செவலை.

அதே கட்டில், பதினோரு மாதம் கழித்து,
சித்தூர்க் கச்சேரியில் இங்கிலீஷில் ஒரு வாக்குமூலம்.
சடைச்சி ஓடியிருக்கிறாள்.
ராணிப்பேட்டைத் தண்டுக்குக் கிட்டே
பாலாற்று மணலில் பிடித்திருக்கிறார்கள்.
கையில் குழந்தை இருந்தது என்று எழுதவில்லை.
இல்லை என்றும் எழுதவில்லை.
ஏன் ஓடினாய் என்ற கேள்விக்கு எதிரே
துபாஷி வழியாக வந்து விழுந்த ஒற்றைச் சொல்:
நத்திங்.

அதைத் தமிழுக்குத் திருப்பிக் கூட்டிவர
மத்தியானம் முழுக்கப் பார்த்தேன்.

ஒண்ணுமில்லீங்க சாமி.
ஒண்ணுமில்லாமப் போச்சு.
ஒண்ணு இருந்துச்சு, இப்ப இல்ல.
உங்கிட்டச் சொல்ல ஒண்ணுமில்ல.

அல்லது அவள் வாயே திறக்காமல் நிற்க,
சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டதே என்று
துபாஷி தானாகச் சொன்னதாகவும் இருக்கலாம்.
இதில் எந்த வரியும் அவளுடையதல்ல.
என் அம்மா வீட்டுப் பக்கத்துப் பேச்சு இது,
இருநூறு வருஷம் பிந்தியது.

கீழே ஒரு பக்கம் சடைச்சி, ஒரு பக்கம் கீறல் என்று
வேறு யாரோ எழுதி, நடுவில் இடம் விட்டிருக்கிறார்கள்.
இறகைப் பிடித்துப் பழகாத விரல்கள்
நாற்றை ஊன்றுகிற அழுத்தத்தில் ஊன்றிவிட்டன.
மை ஊறி, தாள் கிழிந்து,
ஓட்டை வழியே
அடுத்த பக்கத்துத் தீர்வைக் கணக்கு தெரிகிறது.

ஸ்கேனர் அதைக் கண்டுபிடித்துவிட்டது.
பச்சைக் கட்டம் போட்டுக் கேட்டது:
பழுது. நிரப்பவா?

முந்நூற்று எண்பத்தாறு பக்கம் முடிந்திருந்தது.
சூப்பர்வைசர் தணிகாசலம் டீக்குப் போயிருந்தார்.
வேண்டாம் என்று அழுத்தினேன்.
மறுபடி கேட்டது.
வேண்டாம்.

பெயர் என்ற கட்டத்தில் சடைச்சி என்று அடித்தேன்.
தகப்பன் பெயர் கட்டாயம் என்று சிவந்தது.
அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது.

மணி ஐந்தரை.
வாட்ச்மேன் சாவியைக் குலுக்குகிறார்.
இன்னும் பதினாலு பக்கம் இருக்கிறது.