காலி வரி

பதினோரு வருஷம்
பைன்டவுன் கம்பெனி ஒன்றுக்குக் கீசர் மாட்டினேன்.
சட்டைப் பையில் அவர்கள் பெயர்,
முழங்கையில் என் தழும்பு.
ஒரு வெள்ளிக்கிழமை ஆள்குறைப்பு என்றார்கள்.
மூன்றாம் வாரம்
பக்கி என்று இங்கே சொல்லும் குட்டி லாரி ஒன்று,
எனக்கு முன் நாலு பேர் ஓட்டியது.
கதவில் எழுத வைத்தேன்:
ரூபாவதி கீசர் சர்வீஸ்.
எழுதியவன் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டான்.
சாட்ஸ்வொர்த்தின் மேடு பள்ளமெல்லாம்
அந்தப் புள்ளி இல்லாமல்தான் சுற்றினேன்.

முதல் மாதம் போன் ஓயவில்லை.
பொய் எதற்கு, பெருமையாகத்தான் இருந்தது.
சித்தி. சித்தியின் சம்பந்தி.
கோயிலில் எனக்குப் பின்னால் நிற்பவர்.
ஐந்தாம் வகுப்பில் என் பென்சில் பெட்டியைத் திருடி
இன்றுவரை ஒப்புக்கொள்ளாத குலசேகரன்.
எல்லார் வாயிலும் ஒரே வாக்கியம்:
"நம்ம ரூபாதானே!"

பில் புத்தகத்தில் எழுதுவேன்.
தெர்மோஸ்டாட் முன்னூற்று எண்பது ராண்ட்.
வால்வு. வாஷர் இரண்டு.
அதற்குக் கீழே
உழைப்பு என்று அச்சடித்த ஒரு வரி.
பேனா அங்கே வந்ததும்
எனக்கு எப்படியோ வெட்கமாகிவிடும்.
சிலருக்கு ஒரு கோடு,
சிலருக்கு ஒரு சிரிப்பு.
வரி என்றால்
அரசாங்கத்துக்குக் கட்டுவது மட்டும் என்றிருந்தேன்.
சொந்தக்காரர்களுக்கும் கட்டிக்கொண்டிருந்தேன்
என்பது பிறகுதான் விளங்கியது.

வீட்டில் முறுக்கு டப்பா ஆறு சேர்ந்தது.
லிச்சி ஒரு பை. ஊறுகாய்க்குக் கணக்கில்லை.
மாசக் கடைசியில் பெட்ரோல் பங்கில்
அட்டை இரண்டு முறை மறுத்தது.
பின்னால் டாக்சிக்காரன் ஹாரனை எடுக்கவேயில்லை.
முறுக்கை ஊற்றி
டாங்க் நிரப்ப முடியாது.

அந்த வாரம்தான் உம்லாசியில்
நொம்தாண்டாசோவின் முடிதிருத்தும் கடை.
கீசரைத் திறந்து உள்கம்பியை உருவினேன்.
மெக்னீசியம்.
தண்ணீர் தொட்டியைத் தின்ன வரும்போது
"முதலில் என்னைத் தின்னு" என்று நிற்கிற கம்பி.
விரல் தடிமனில் போட்டது
வெறும் நூலாக வெளியே வந்தது.
யார் திறந்து பார்க்கிறார்கள்?
சுடுதண்ணீர் வருகிறதே!
கம்பி தீர்ந்த பிறகு
துரு தொட்டியில் கைவைக்கும்.
எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன் இதை.
அன்றைக்கு மட்டும்
என் வாயில் வந்தது என் காதிலும் விழுந்தது.

பழக்க தோஷம், அவளுக்கும் காலியாகவே நீட்டினேன்.
பில்லைத் திருப்பிப் பார்த்தாள்.
"இது ஏன் காலி?
நான் பின்னல் போட ஆறு மணி நேரம்.
முடிக்கு ஒரு விலை, விரலுக்கு ஒரு விலை.
உன் விரல் இலவசமா?"
எழுதினேன். நானூறு.
நாலு கொஞ்சம் கோணல்.
வண்டிக்குள் போய் உட்கார்ந்து
ரொம்ப நேரம் சாவியைத் திருப்பவில்லை.

பிறகு எல்லாம் சரியாயிற்று என்று சொல்லமாட்டேன்.
சித்தி மூன்று வாரம் பேசவில்லை.
பின்னால் நின்றவர்
இப்போது கோயிலில் எனக்கு முன்னால் நிற்கிறார்.
குலசேகரன் வேறு ஆள் பார்த்துக்கொண்டான்;
அவன் சமையலறைக் கூரை ஒழுகுவதாகக் கேள்வி.
போன மாதம் பதினேழே வேலை.
அதற்கு முந்திய மாதம் இருபத்தாறு.
இரவில் கூட்டிப் பார்க்கிறேன்,
காலையில் அதே தொகை.

கடை போட நினைப்பவர் யாராவது கேட்டால்
என்னிடம் இருப்பது ஒன்றுதான், அதுவும் அரைகுறை:
கொடு, வேண்டாமென்று சொல்லவில்லை.
ஏழாம் யூனிட்டில் ஓய்வூதியக்காரர் ஒருவருக்கு
நானும் கொடுத்தேன்.
உழைப்பு, நானூறு.
அதன் கீழே தள்ளுபடி, நானூறு.
இரண்டையும் எழுதித்தான் கொடுத்தேன்.
கண்ணாடி போட்டு இரண்டையும் படித்தார்.
எழுதாமல் விட்டால்
கொடுத்தது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

நேற்று வண்டி கழுவும்போது
விட்டுப்போன அந்தப் புள்ளியை
சிவப்பு நகப்பூச்சால் நானே வைத்தேன்.
கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.
இருக்கட்டும்.