இதர

தெனாகா பில் நூற்று நாற்பத்திரண்டு வெள்ளி.
சிவப்பில் கோடு போட்டிருக்கிறான்.
தண்ணீர் பதினேழு.
கேஸ் தோம்பு இந்த மாதம் தாங்கும்,
ரசத்தைச் சுடவைக்காமல் குடித்தால்.

வியாழக்கிழமை, பகாவ் மண்டபம்.
காற்றாடி பில்லையெல்லாம் பறக்கவிட
நோர்ஹயாத்தி முழங்கையால் அமுக்கிக்கொண்டு சொன்னாள்:
முதலில் விளக்கு, தண்ணி, அரிசி.
அப்புறம்தான் வங்கி.

தலைகீழாகக் கட்டிக்கொண்டிருந்தேன் இத்தனை நாளும்,
போனில் அதிகம் அதட்டியவனுக்கு முதலில்.

மூன்று வங்கியும் கையெழுத்துப் போட
ஒரு மாதம் ஆகுமாம். அதுவரை அடிப்பார்கள்.
மில் சங்கு ஊதும் நேரமாய்ப் பார்த்து அடிக்கிறார்கள்.
செம்பனை லோரி கடந்து போகும்வரை
ஒன்றும் கேட்கவில்லை என்கிறேன்.
பொய்யில்லை.

எழுபத்திரண்டு தவணை.
கடைசியைக் கட்டும்போது யாழரசி
என் உயரம் இருப்பாள்.

பாரத்தின் அடியில் 'இதர' என்று ஒரு கட்டம்.
பள்ளி வேன், செருப்பு எல்லாம் மேலேயே எழுதியாயிற்று.
சனிக்கிழமை பாசார் மாலாமில்
அவளுக்கு ஒரு அப்பம் பாலிக்
என்று எழுதினேன்.
அடித்தேன்.

நோர்ஹயாத்தி ஒன்றும் கேட்கவில்லை.
அடித்ததன் பக்கத்தில்
எட்டு வெள்ளி என்று போட்டுவிட்டு
அடுத்த தாளைத் திருப்பினாள்.