இரண்டே முக்கால் கிராம்

எட்டு வருசம் பம்புசெட்டுக்கு
ஷாஃப்ட் ஓட்டிய மில்லிங் மெஷின்.
சித்திரையில் வந்தது புது ஆர்டர்:
பதினோரு குழல், ஒவ்வொன்றிலும் ஆறு சால்.

சால் என்றதற்கு ஹெல்ப்பர் பையன் சிரித்தான்.
வேறென்ன சொல்ல?
எனக்குத் தெரிந்த நேர்கோடு அது ஒன்றுதான்.

"எதுக்குங்க இது?" என்றேன்.
டீயை உறிஞ்சிவிட்டு மேனேஜர் சென்னியப்பன் சொன்னார்:
"சுடச் சுடக் கொதிச்சுப் போயிருமல்லோ, சீக்கிரம் ஆறோணும்.
பொறவு, தூக்கிட்டு மலையேறுறவனுக்குக் கனம் கொறையோணும்."
குழலுக்கு நானூற்றி இருபது கிராம்.
அரைப்படி அரிசிகூட இல்லை.
பனியில் பத்து மைல் நடந்தால்
அதுவே ஒரு பிள்ளைக் கனமாம்.

உள்வரிகளை வேறெந்த ஊரிலோ வெட்டியிருந்தார்கள்.
துளை வழியே டியூப்லைட்டைப் பார்த்தேன்.
வெளிச்சம் முறுக்கிக்கொண்டு வந்தது.
வெளிப்புறம் மட்டுந்தான் நம்முடைய வேலை.

கூலண்ட் பாலாய் வழிய வழிய
கட்டர் தின்றுகொண்டே போனது.
உதிர்ந்ததெல்லாம்
நீலம் பாய்ந்த நகத்துணுக்குகள்.

ஒன்பதாவதில் கரண்ட் கண்சிமிட்டியது.
கட்டர் ஒரு முடியளவு ஆழமாய்க் கடித்துவிட்டது.
திருச்சியிலிருந்து வந்த ஆரோக்கியதாஸ் சார்
கேஜைப் பார்த்தார், அப்புறம் என்னை.
"அறுத்துப் போடுங்க."
மூன்று துண்டானது
ஒரு தரமும் வெடிக்காத துப்பாக்கி.

பிறகு தராசு.
குழல், துண்டு, உலர்த்திய பிசிறு
எல்லாம் கூட்டினால் வந்த இரும்போடு ஒக்கவேண்டும்.
மூன்று கிராம் உதைத்தது.
ராத்திரி பத்தரை வரை
கணபதி ஷெட்டின் மூலைமுடுக்கெல்லாம்
காந்தத்தைப் போட்டு இழுத்தோம்.

வெள்ளக்கிணறில் வீடு.
பன்னிரண்டு நாள் கழித்துத் தண்ணி வந்தது, ஒன்றரை மணிக்கு.
குடத்தோடு ஓடிய மயிலாவதி
வாசலில் நொண்டினாள்.
குதிகாலில் ஒரு நீலப்பிறை.
செல்போன் வெளிச்சத்தில் பிடுங்கினேன்.
"என்னுங்க, முள்ளா?"
"இரும்பு."
எந்த இரும்பென்று சொல்லவில்லை.
அங்கே குடம் நிரம்பி வழியும் சத்தம்.

கழுவி, காகிதத்தில் மடித்து
காலையில் தராசில் வைத்தேன்.
கால் கிராம்.
ஆரோக்கியதாஸ் சார் எழுதிக்கொண்டார்.

மீதி இரண்டே முக்காலுக்கு
அவரிடம் ஒரு படிவம் இருந்தது.
நான் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
நேற்று வந்த வழி: டவுன்பஸ் படிக்கட்டு,
பேக்கரி வாசல்,
நோன்பி சாட்டியிருக்கும் மாரியம்மன் கோயில் வீதி.
அங்கே இந்தப் பதினைந்து நாளும்
யாரும் செருப்புப் போடுவதில்லை.